காளானின் வேர் கண்டவர்

மழைக்கு முளைத்த காளான் என்று ஒருவரைச் சொன்னால், அவருக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை என்பது நம்மிடையே பொருள். வேரற்ற வாழ்வுக்கும் நிலையற்ற செல்வத்துக்கும் காளானை உவமை கூறுவது நமது நெடுநாள் வழக்கம். அவ்வுவமை முற்றும் சரியன்று என்பதை எனக்கு உணர்த்தியவர் ஓர் ஆங்கிலேயர். நான் பிறப்பதற்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார். இலங்கைத் தீவின் காளான்களையும் பூஞ்சணங்களையும் இருபத்துமூன்று ஆண்டு காலம் இங்கேயே இருந்து ஆராய்ந்த தோமஸ் பெற்ச் என்பவரே அவர். அவருடைய வாழ்க்கையை எடுத்துரைக்க எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து வந்தேன், இருப்பிடம் வெள்ளவத்தை. ஓர் ஐப்பசி மாதம், இரவு முழுவதும் இடியுடன் மழை கொட்டித் தீர்த்த காலைப்பொழுதில், மாணவன் ஒருவன் கடதாசிப் பையில் ஆறேழு காளான்களைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். புல்தரையில் வட்டமாக முளைத்திருந்தனவாம். வெண்ணிறம், உள்ளங்கை அகலம், குடையின் உச்சியில் மண்ணிறச் செதில்கள், தண்டிலே ஒரு வளையம். இவை உண்ணத் தக்கவைதாமா என்று கேட்டான். என்னிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. ஐரோப்பியப் புல்வெளிகளில் விளையும் நற்காளான் ஒன்றின் வண்ணப்படம் அதிலே இருந்தது. படத்தைப் பார்த்தேன், காளானைப் பார்த்தேன், உண்ணலாம் என்று கூறிவிட்டேன்.

அன்றிரவு அவன் வீட்டில் மூவர் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் துடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவனுடைய ஆச்சி மாத்திரம் தப்பினார். புற்றிலே பிடுங்கிய காளானைத் தவிர வேறெதனையும் தாம் தின்றதில்லை என்று கூறி, அந்தக் கறியை அவர் தொடவேயில்லை. மூன்று நாளில் மற்றவர்கள் தேறி வீடு திரும்பினர். எவரும் என்னைக் குறைகூறவில்லை. வாத்தியார் சொன்னார், ஆகவே உண்டோம் என்பதற்கு மேல் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

என் மேசை இலாச்சியில் அவற்றுள் ஒன்று எஞ்சியிருந்தது. அதனை எடுத்தபோது, கீழே இருந்த வெள்ளைத்தாளில் பசுமை கலந்த சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டேன். அது காளானின் வித்தி. குளோரோபில்லம் மொலிப்டிடிஸ் என்று நூலார் வழங்கும் நச்சுக்காளானுக்கே உரிய அடையாளம் அது. வெப்ப நாடுகளின் புல்தரைகளில் மழைக்குப்பின் மிகுதியாக முளைப்பது. என் புத்தகத்திலிருந்த ஐரோப்பியக் காளானின் வித்தியோ வெண்மையானது. ஓரிரவு காத்திருந்தால் தாளே விடை கூறியிருக்கும். நான் காத்திருக்கவில்லை.

அதன் பின்னரே இந்நாட்டுக் காளான்களைப் பற்றி இந்நாட்டில் இருந்து ஆராய்ந்தவர் யாரேனும் உளரோ எனத் தேடலானேன். 1950ஆம் ஆண்டில் கொழும்பில் அரசாங்க வெளியீடாக வந்த இலங்கைப் பூஞ்சணங்கள் என்னும் ஆங்கில நூல் எனக்குக் கிட்டியது. பெற்ச் என்பவரும் பிஸ்பி என்பவரும் அதன் ஆசிரியர்கள். பெரும்பாலும் பெயர்களும் இடங்களும் நிரம்பிய வறண்ட பட்டியல் அது. அப்பட்டியலுக்குப் பின்னே ஒரு மனிதரின் ஆயுள் இருந்தது.

தோமஸ் பெற்ச் 1870ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியில் ஹோர்ன்சி என்னும் கடலோர ஊரிற் பிறந்தார். அவரும் முதலில் பள்ளிக்கூட ஆசிரியரே என்பது எனக்கு ஆறுதலும் நாணமும் ஒருங்கே தந்த செய்தி. கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்து வந்த அவர், கிங்ஸ்லின் நகரில் சார்ள்ஸ் பிளவ்றைற் என்னும் மருத்துவரின் நட்பைப் பெற்றார். பிளவ்றைற் நோயாளரைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் பயிர்களைப் பற்றும் துருநோய்ப் பூஞ்சணங்களை ஆராய்வதிற் செலவிட்டவர். அத்துறையில் 1889இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர். அவரது தொடர்பே பெற்ச்சைக் காளான்களின் பக்கம் திருப்பியது. பின்னாளில் பிளவ்றைற்றின் மகளை அவர் மணந்துகொண்டார்.

1905ஆம் ஆண்டில், தமது முப்பத்தைந்தாம் வயதில், பேராதனைத் தாவரப் பூங்காவின் பூஞ்சணவியலறிஞராக நியமனம் பெற்று அவர் இலங்கைக்கு வந்தார். பூஞ்சணத்தை ஆராய ஓர் உத்தியோகத்தரை அரசாங்கம் ஏன் அமர்த்திற்று என்று சிலர் கேட்கலாம். விடை இத்தீவின் வரலாற்றிலே உள்ளது. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பொடி ஒன்று தோன்றிற்று. அப்போது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி என்னும் பாதிரியார், அதுவரை அறியப்படாத பூஞ்சணம் அது எனக் கண்டு ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பின்பாதிக்கு அழிப்பது என்பது பொருள், பெயருக்கேற்பவே நடந்தது. இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பித் தொழில் சாய்ந்தது. தோட்டத்துரைமார் நொடித்தனர், தமிழகத்திலிருந்து வந்து அத்தோட்டங்களில் உழைத்த தமிழர் வேலையிழந்து அல்லலுற்றனர். தேயிலையும் இறப்பரும் கோப்பியின் இடத்தைப் பிடித்தபோது, மீண்டுமொரு நோய் வந்தால் என்செய்வது என்ற அச்சம் ஆட்சியாளர் மனத்தில் நிலைத்திருந்தது. அந்த அச்சமே பெற்ச்சுக்குப் பதவி தந்தது.

பேராதனையில் அவரை இரு செல்வங்கள் எதிர்நோக்கி இருந்தன. ஒன்று, உலர்ந்த காளான்களின் தொகுதி; மற்றையது, வண்ண ஓவியங்கள். துவைற்ஸ் தம் காலத்தில் நூற்றுக்கணக்கான காளான்களைச் சேர்த்து, உலர்த்தி, ஓவியங்களோடு பேர்க்கிலிக்கும் அவருடைய தோழர் புறூமுக்கும் அனுப்பியிருந்தார். ஓவியங்களைத் தீட்டியவர்கள் பூங்காவில் பணியாற்றிய டி அல்விஸ் என்னும் சிங்கள ஓவியக் குடும்பத்தினர். பேர்க்கிலியும் புறூமும் 1870களில் இலங்கைக் காளான்களை வரிசைப்படுத்திக் கட்டுரைகளாக வெளியிட்டனர். இருவரும் இத்தீவில் ஒருநாளும் கால்வைத்தவரல்லர்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. காளான் பனையோலை அன்று, உலர்ந்த பின்னும் தன்னை அப்படியே காட்டுவதற்கு. உலரும்போது நிறம் மாறும், மணம் போய்விடும், தண்டின் வளையம் உதிரும், குடையின் அடியில் மீன்செவுள்போல் அடுக்கியிருக்கும் மென்தகடுகள் தண்டோடு ஒட்டியிருந்தனவா, விலகி நின்றனவா என்பதும் தெரியாது போகும். எல்லாவற்றிலும் மேலாக, அது எங்கே முளைத்தது என்ற செய்தி தாளிலே எழுதப்படாவிடின் என்றென்றைக்கும் மறைந்தே போகும். புல்லிலா, சாணத்திலா, பட்ட மரத்திலா, புற்றிலா என்று அறியாமல் காளானை அறிய முயல்வது, ஊரும் குலமும் தெரியாமல் ஒருவரின் உறவுமுறையைக் கூற முயல்வது போன்றது. அறிஞர் இருவரும் உலர்ந்த பொருளைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்தனர். ஆனால் ஒரே காளானின் மொட்டுக்கு ஒரு பெயரும், விரிந்த குடைக்கு மற்றொரு பெயரும், முதிர்ந்து வாடியதற்கு வேறொரு பெயரும் ஏற்பட்டுவிட்டன.

பெற்ச் செய்தது என்ன? மழைக்காலந்தோறும் காளானை முளைத்த இடத்திலேயே கண்டார். குருத்துப் பருவம் முதல் அழுகும் பருவம் வரை நாள்தோறும் பார்த்தார். பின்னர் பழைய ஓவியத்தையும் உலர்ந்த பொருளையும் பேர்க்கிலியின் விளக்கத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்புநோக்கினார். ஒன்றுக்குப் பல பெயர் இருந்தவிடத்து ஒன்றாக்கினார். பலவற்றுக்கு ஒரு பெயர் இருந்தவிடத்துப் பிரித்தார். இலங்கைப் பூஞ்சணத் திருத்தங்கள் என்னும் தலைப்பில் அவர் வெளியிட்ட கட்டுரை வரிசை இவ்வுழைப்பின் பயன். முன்னோரை இகழ்வதற்காக அவர் இதனைச் செய்யவில்லை. ஓர் ஆசிரியர் மாணவனின் கணக்கைத் திருத்துவதுபோல, வரிவரியாக, பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்று கண்டு திருத்தினார்.

அவருடைய பணிகளுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது கறையான் புற்றைப் பற்றியது. இலங்கைக்கு வந்த மறு ஆண்டாகிய 1906இலேயே அவ்வாராய்ச்சியை வெளியிட்டுவிட்டார். மழை பெய்து சில நாளில் புற்றின் மீதும், வெளியே புற்று எதுவும் தெரியாத வெறுந்தரையிலும், உச்சி கூரிய காளான்கள் கூட்டமாக எழும். சிங்கள மக்கள் இந்தலொலு என்று கூறி விரும்பி உண்பர். நம்மவர் புற்றுக்காளான் என்பர். அதனைப் பிடுங்கினால் தண்டு மண்ணிலே ஒடிந்துவிடும். பெற்ச் பிடுங்கவில்லை, தோண்டினார். தண்டு மண்ணுக்குள் நீண்டு, மெலிந்து, வேர்போல் இறங்கிச் சென்று, அடியிலே கறையானின் அறை ஒன்றில் முடிந்தது. அவ்வறையில் கடற்பஞ்சு போன்ற மண்ணிறத் தேனடை ஒன்று இருந்தது. அதன்மீது குண்டூசித் தலையளவு வெண்மணிகள் எண்ணற்றவை.

இன்று இதன் உட்பொருள் நன்கு தெரியும். கறையானால் மரத்தைத் தானாகவே முற்றும் செரிக்க முடியாது. மென்று விழுங்கிக் கழித்த மரத்துகளால் அடை கட்டி, அதிலே ஒரு பூஞ்சணத்தை வளர்க்கிறது. பூஞ்சணம் மரத்தை இளக்கிக் கொடுக்கிறது; கறையான் அதனை உண்கிறது. நாம் உழுது பயிரிடுவது போலவே அதுவும் நிலத்தடியில் வேளாண்மை செய்கிறது. பெற்ச் அந்த அடைகளைக் கண்ணாடிக் கவிகைக்குள் வைத்தும் பார்த்தார். கறையானை அகற்றிவிட்டால், சைலேரியா என்னும் கருங்கோல் போன்ற வேறொரு பூஞ்சணம் அடையெங்கும் கிளைத்தது. கறையான் இருக்கும்வரை அந்தக் களை தலைதூக்குவதில்லை. உழவன் நீங்கிய வயலிற் களை மண்டுவது போன்ற காட்சி அது. புற்றுக்காளானுக்கு முன்னோர் இட்டிருந்த பல பெயர்கள் ஒரே இனத்தின் பல பருவங்களுக்கு உரியவை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரொஜேர் ஹெய்ம் இவ்வகைக் காளான்களைத் தனிப் பேரினமாக்கி, கறையானின் பெயரையே சேர்த்து டேர்மிற்றோமைசிஸ் என்று பெயரிட்டார்.

இதனைப் படித்தபோது என் நினைவு சிறுபாணாற்றுப்படைக்குச் சென்றது. நத்தத்தனார் பாணனின் வறுமையைக் காட்டுமிடத்து, அடுப்பு எரியாத அட்டிலையும், பால் சுரக்காத தாய்நாயையும் கூறி, பழஞ்சுவரைச் சிதல் அரித்து வீழ்த்திய புழுதியிலே காளாம்பி பூத்திருப்பதையும் கூறுகிறார். சிதல் என்பது கறையான். வறுமைக்கு அடையாளமாகவே இதுகாறும் நாம் அதனைப் படித்து வந்தோம். மாணவருக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தோம். கறையான் இருக்கும் மண்ணிலே காளான் எழும் என்ற இயற்கை உண்மை ஒன்றும் அக்காட்சியிற் பொதிந்திருக்கிறது என்பதைப் பெற்ச்சின் கண்கொண்டு பார்த்த பின்னரே நான் கவனித்தேன். புலவர் இடத்தோடு சேர்த்தே பொருளைக் கண்டார். கொட்டாஞ்சேனை ஆச்சியும் அப்படியே கண்டார். படித்த நான் மட்டும் இடத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தேன்.

ஆயினும் ஆச்சியின் விதி ஒன்றே போதுமானது என்று எண்ணிவிடலாகாது. நீண்ட வேருடைய காளான் எல்லாம் புற்றுக்காளான் ஆகிவிடாது. சிங்கள மக்கள் உறுபஹ என்று கூறும் பெருங்காளானுக்கும் மண்ணுக்குள் நீளும் அடித்தண்டு உண்டு. அது கறையான் அறைக்குச் செல்லாமல், புதைந்து கிடக்கும் மரத்துக்குச் செல்லும். இலங்கையிலிருந்து கார்ட்னர் அனுப்பியதைக் கொண்டு 1847இல் பேர்க்கிலி பெயரிட்ட இனம் அது. ஆகவே குடை, செவுள், வளையம், அடிக்கிண்ணம், வித்தியின் நிறம், முளைத்த இடம், மண்ணுக்கடியில் உள்ள தொடர்பு ஆகிய அனைத்தும் ஒருமுகமாகச் சாட்சி கூறினாலன்றித் தீர்ப்பு வழங்கலாகாது. வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நன்று, மஞ்சளிட்டு அவித்தால் தீங்கில்லை என்பனவெல்லாம் உயிரைப் பணயம் வைக்கும் நம்பிக்கைகள். மனிதருக்கு நஞ்சானதைப் பூச்சி தின்னும். கொடிய நஞ்சும் வெள்ளியைக் கறுப்பிக்காது.

பெற்ச்சின் அரசாங்கக் கடமை, உண்ணும் காளானைப் பற்றியதன்று. தோட்டப் பயிர்களின் நோய்களே அவருடைய அன்றாட வேலை. இறப்பர் மரத்தின் நோய்களைப் பற்றி 1911இலும் 1921இலும், தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923இலும் அவர் எழுதிய நூல்கள் நெடுங்காலம் தோட்டங்களின் கைவிளக்காக இருந்தன. அங்கும் அவர் முறை ஒன்றே: வாடிய இலையைப் பார்த்து நில்லாமல் வேர்வரை செல்லுதல். நிழலுக்காக நட்ட கிரவீலியா மரங்களை வெட்டி அடிக்கட்டையை மண்ணில் விட்டுவிட்டால், அதிலே தங்கும் பூஞ்சணம் அடுத்துள்ள தேயிலைச் செடிகளின் வேர்களைப் பற்றிக் கொல்லும் என்பதை அவர் எடுத்துரைத்தார். தோட்டக்காரர் கண்ணுக்குத் தெரிந்தது வாடிய செடி. குற்றவாளியோ வெட்டி மறந்துபோன கட்டை.

பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சணங்களையும் அவர் நெடிது ஆராய்ந்தார். உலக அறிஞரிடையே அவருக்குப் பெரும்புகழ் தந்த துறை அது. அப்பூஞ்சணங்களைப் பரப்பிப் பயிர்ப்பூச்சிகளை ஒழித்துவிடலாம் என்ற ஆர்வம் அக்காலத்தில் மிகுந்திருந்தது. அத்துறையில் மிகுதியாக அறிந்தவராகிய பெற்ச்சோ, அவ்வாறு கொள்ளைநோயை விரும்பியபோது உண்டாக்க முடிந்ததற்குப் போதிய சான்றில்லை என 1925இல் எழுதினார். தம்முடைய துறைக்கே பெருமை சேர்க்கக்கூடிய ஒன்றைச் சான்றில்லை என்று மறுக்க நேர்மை வேண்டும்.

1920களின் நடுவில் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது அதன் முதற் பணிப்பாளராக அவர் அமர்ந்தார். 1928இல் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பி, கிங்ஸ்லின்னுக்கு அருகே நோர்த் வூற்றன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். ஓய்வு என்பது பெயரளவிலேதான். பூச்சிப் பூஞ்சணங்களைப் பற்றிய கட்டுரைகள் அங்கிருந்தும் வந்துகொண்டேயிருந்தன. 1946இல் தேயிலையின் கொப்புள நோய் இலங்கையை முதன்முறை தாக்கிற்று. அந்நோய் இத்தீவை அடையுமுன்பே, 1923ஆம் ஆண்டு நூலிலேயே, அசாமில் அது விளைத்த தீங்கை அவர் விளக்கியிருந்தார். 1948ஆம் ஆண்டு திசம்பர் 24ஆம் நாள், தமது எழுபத்தெட்டாம் வயதில் அவர் காலமானார். இலங்கைப் பூஞ்சணங்கள் என்னும் பெருந்தொகுப்பு அச்சேறியதை அவர் காணவில்லை. பிஸ்பியின் துணையால் இரண்டாண்டு கழித்துக் கொழும்பில் அது வெளிவந்தது. பெக்ளர் என்னும் அறிஞர் 1986இல் இலங்கைக் குடைக்காளான்களைப் பற்றிப் பெருநூல் இயற்றியபோது, பெற்ச் வெட்டிய பாதையிலேயே நடக்க வேண்டியிருந்தது. பெற்ச்சியோமைசிஸ் என்று ஒரு பூஞ்சணப் பேரினமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் ஆட்சியாளரின் ஊழியர். தோட்டத்துரைமாரின் நலனுக்காகச் சம்பளம் பெற்றவர். இதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேயிலைச் செடி பிழைத்ததால் பிழைத்தவர்களுள் கொழுந்து பறித்த நம்மவரும் இருந்தனர் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

வெள்ளவத்தைச் சந்தையில் இன்று பொதிகளில் அடைத்த சிப்பிக்காளான் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. வளர்த்தவர் எவர் என்பது தெரிந்தமையால் அச்சமின்றி வாங்கலாம். புற்றுக்காளானையோ அவ்வாறு மனிதன் எளிதிற் பயிரிட முடிவதில்லை. அதற்குக் கறையான் வேண்டும், மழை வேண்டும், அதனை அறிந்த கண்ணும் வேண்டும்.

அந்த மாணவன் பின்னர் என் வகுப்பிலேயே இரண்டாண்டு படித்தான். அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் ஒரு காளானோடு வந்து நின்றான். இம்முறை தண்டை மண்ணோடு தோண்டி எடுத்திருந்தான். எங்கே முளைத்தது என்று தாளில் எழுதியும் வைத்திருந்தான். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசியிலே குடையைக் கவிழ்த்து, மேலே கண்ணாடிக் குவளையொன்றை மூடி, மறுநாள் காலை பார்த்துச் சொல்வதாகக் கூறினேன். மறுநாள் பார்த்தோம். வித்தியின் நிறத்தைக் குறித்துக்கொண்டோம். அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை என்று வகுப்பின் முன்னிலையிற் கூறினேன். உண்ணலாமா என்று அவனும் கேட்கவில்லை.